மழைக் கோட்டுக்குப் பெயர் கொடுத்தவர்

ஐப்பசி பிறந்து விட்டால் ராமநாதபுரம் கடற்கரையில் காற்று திசை மாறும். வடகிழக்கில் இருந்து கரு மேகங்கள் திரண்டு வரும். வானம் பார்த்த பூமி அது. ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் பெரும் பகுதி, ஐப்பசி முதல் மார்கழி வரையில் உள்ள சில வாரங்களில் கொட்டித் தீர்த்து விடும்.

அந்த மழையிலும் ராமேசுவரத்துக்கு யாத்திரிகர்கள் வருகிறார்கள். பாம்பனிலும் மண்டபத்திலும் மீனவர்கள் வலையைச் சரி பார்க்கிறார்கள். அரிச்சல்முனையைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் இளைஞர்கள் போகிறார்கள்.

முன்பெல்லாம் மழைக்குத் துணை பனை ஓலைதான். ஓலையை முடைந்து, தலையில் இருந்து முதுகு வரை மூடும்படி போட்டுக் கொள்வார்கள். ஓலை இல்லாதவர்கள், கோணிச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தலையில் மாட்டிக் கொள்வார்கள். இதற்குக் கொங்காணி என்று பெயர்.

இப்போது கடைத்தெருவில் ரெயின் கோட்டுகள் தொங்குகின்றன. சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. பல ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதை வாங்குவது? விலை கூடியது நல்லதா? கனமானது நல்லதா? நனையாமல் போகிறவர் வேர்வையில் குளித்து விடுவது ஏன்?

இந்தக் கேள்விகளுக்கு எல்லாம் விடை, ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் பெயர் சார்லஸ் மாக்கின்டாஷ். மழைக் கோட்டுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது.

சாயத் தொழிலில் பிறந்த பிள்ளை

மாக்கின்டாஷ் 1766-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை பெயர் ஜார்ஜ் மாக்கின்டாஷ். தாயார் மேரி.

கிளாஸ்கோ, மழைக்குப் பெயர் போன ஊர். அங்கே மழை நம் ஊர் மழையைப் போல அடித்துப் பெய்து ஓய்ந்து விடாது. நாள் கணக்கில் தூறிக் கொண்டே இருக்கும். கம்பளிச் சட்டை நனைந்து, எலும்பு வரை குளிர் ஏறும்.

ஜார்ஜ் மாக்கின்டாஷ் ஒரு சாய ஆலை முதலாளி. பாறைகளில் படரும் கல்பாசி இனத்தில் இருந்து ஊதாச் சிவப்புச் சாயம் எடுத்தார். அந்தச் சாயம் இறங்குவதற்கு அம்மோனியா தேவை. அந்தக் காலத்தில் அம்மோனியாவுக்கு வழி என்ன? மனிதர்களின் சிறுநீர்தான்! கிளாஸ்கோ நகரத்து வீடுகளில் இருந்து அதைச் சேகரித்து வர ஆட்கள் இருந்தார்கள்.

தொழில் ரகசியம் வெளியே போய் விடக் கூடாது என்பதில் ஜார்ஜ் கண்ணும் கருத்துமாக இருந்தார். ஆலையைச் சுற்றி 10 அடி உயரத்தில் மதில் எழுப்பினார். வேலைக்கு மலை நாட்டுக்காரர்களையே அமர்த்தினார். அவர்கள் கேலிக் மொழி மட்டுமே பேசுவார்கள். ஊராருடன் கலந்து பேசி ரகசியத்தைச் சொல்லி விட அவர்களால் முடியாது.

1785-ல் ஜார்ஜ், டேவிட் டேல் என்ற வணிகருடன் கூட்டுச் சேர்ந்து, துருக்கிச் சிவப்பு என்னும் சாயத் தொழிலையும் தொடங்கினார். துவைத்தாலும் வெயிலில் காய்ந்தாலும் மங்காத சிவப்பு அது.

அப்படிப்பட்ட சிவப்பு, தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் புதியது அல்ல. கடலோர மணல் நிலத்தில் விளையும் சாயவேரைக் கொண்டு நம் நெசவாளர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அதே சிவப்பை ஏற்றி வந்தார்கள். அந்தத் துணிகளுக்கு ஐரோப்பாவில் பெரிய கிராக்கி இருந்தது. துருக்கிச் சிவப்புக்கு உதவிய வேரும், நம் சாயவேரும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

கழிவில் காசு

சார்லசைத் தந்தை முதலில் ஒரு வணிகரின் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்த்தார். கணக்கு எழுதுவதில் இளைஞருக்கு மனம் செல்லவில்லை. வேலை நேரம் போக மற்ற நேரங்களில் ரசாயனம் படித்தார். கிளாஸ்கோவில் வில்லியம் இர்வினின் பாடங்களைக் கேட்டார். எடின்பரோவில் புகழ் பெற்ற விஞ்ஞானி ஜோசப் பிளாக்கிடம் பயின்றார்.

20 வயது நிரம்புவதற்குள் குமாஸ்தா வேலையை உதறினார். நவச்சாரம் தயாரிக்கத் தொடங்கினார். சாயத் தொழிலுக்கு வேண்டிய வேறு ரசாயனப் பொருள்களையும் செய்தார்.

1790-ல் மேரி பிஷர் என்ற பெண்ணை மணந்தார்.

அவரிடம் ஒரு தனிக் குணம் இருந்தது. மற்றவர்கள் வேண்டாம் என்று வீசி எறிந்ததை அவர் உற்றுப் பார்ப்பார். அதில் இருந்து ஏதாவது எடுக்க முடியுமா என்று யோசிப்பார்.

ஹர்லெட் என்னும் இடத்தில் பழைய நிலக்கரிச் சுரங்கம் ஒன்று இருந்தது. அங்கே கரி வெட்டி முடிந்த பிறகு களிக்கல் கழிவு கிடந்தது. அதில் இருந்து படிகாரம் எடுக்கலாம் என்று மாக்கின்டாஷ் கண்டார். 1797-ல் அங்கே ஆலை வைத்தார். ஸ்காட்லாந்தின் முதல் படிகார ஆலை அதுவே. துணியில் சாயம் நன்றாகப் பிடிப்பதற்குப் படிகாரம் தேவை. ஆகவே விற்பனைக்குக் குறைவு இல்லை.

சார்லஸ் டெனன்ட் என்பவருடன் சேர்ந்து சலவைத் தூள் தொழிலிலும் பங்கு கொண்டார். அதற்கு முன்பு துணியை வெளுப்பது என்றால், வயல் வெளியில் விரித்து வாரக் கணக்கில், மாதக் கணக்கில் வெயிலில் போட வேண்டும். 1799-ல் டெனன்ட் பெயரில் காப்புரிமை பெற்ற உலர்ந்த சலவைத் தூள், அந்த வேலையைச் சில நாட்களாகக் குறைத்து விட்டது.

விளக்கு தந்த தார்

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கரி வாயு விளக்குகள் வந்தன. கிளாஸ்கோ நகரமும் வாயு விளக்கு வெளிச்சம் பெற்றது. நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சூடாக்கினால் எரியும் வாயு கிடைக்கும். கூடவே நாற்றம் அடிக்கும் தாரும், அம்மோனியா கலந்த நீரும் மிஞ்சும். இவற்றை எங்கே கொட்டுவது என்று வாயுக் கம்பெனியார் திகைத்தார்கள்.

மாக்கின்டாஷ் முன் வந்தார். 1819-ல் கழிவு முழுவதையும் தாமே எடுத்துக் கொள்வதாக ஒப்பந்தம் செய்தார். அவருக்கு வேண்டியது, சாய ஆலைக்கான அம்மோனியா. இனி வீடு வீடாகச் சிறுநீர் சேகரிக்க வேண்டியது இல்லை!

ஆனால் தார் மிஞ்சியது. அதைக் காய்ச்சியபோது கெட்டியான கீல் ஒரு பக்கம் வந்தது. மெல்லிய எண்ணெய் ஒன்று மறுபக்கம் வந்தது. அதன் பெயர் நாப்தா. எளிதில் ஆவியாகி விடும். இந்த நாப்தாவை என்ன செய்வது? அதுதான் அவர் முன் நின்ற கேள்வி.

அதே காலத்தில் ரப்பர் என்ற பொருளும் வேலை இல்லாமல் கிடந்தது. தென் அமெரிக்கக் காட்டு மக்கள் மரத்தில் வடியும் பாலைத் துணியில் பூசி மழைக்குப் போர்த்திக் கொண்டார்கள். அந்தப் பால் கப்பலில் வந்து சேர்வதற்குள் உறைந்து கட்டியாகி விடும். கட்டி ரப்பர், பென்சில் கோட்டை அழிக்கத்தான் பயன்பட்டது. அதை மீண்டும் கரைக்க ஒரு நல்ல திரவம் அகப்படவில்லை. ஈதர் கரைத்தது. ஆனால் விலை அதிகம். டர்ப்பன்டைன் கரைத்தது. ஆனால் பிசுபிசுப்பு போகவில்லை.

1818-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் என்ற வைத்திய மாணவர், நிலக்கரித் தாரில் இருந்து எடுத்த திரவம் ரப்பரைக் கரைக்கிறது என்று கண்டறிந்து, விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினார். அவர் காப்புரிமை கேட்கவில்லை. அதை வைத்துத் தொழில் செய்யவும் இல்லை. பிற்காலத்தில் பெரிய ரண வைத்தியராகப் புகழ் பெற்றார்.

கரைக்கும் வித்தை சைமுக்குத் தெரிந்து விட்டது. அதைத் துணி ஆக்கும் யோசனை மாக்கின்டாஷுடையது.

இரண்டு துணி, நடுவில் ரப்பர்

அந்த யோசனை மிகவும் எளிமையானது. துணியில் ரப்பரைப் பூசினால் மேலே ஒட்டும். உட்கார்ந்தால் நாற்காலியில் ஒட்டும். மடித்தால் தனக்குத் தானே ஒட்டிக் கொள்ளும். ஆகவே மாக்கின்டாஷ் ஒரு துணியில் ரப்பர்க் கரைசலைத் தடவி, அதன் மேல் இன்னொரு துணியை வைத்து அழுத்தினார். நாப்தா ஆவியாகிப் போயிற்று. இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் சிறைப்பட்டு நின்றது. வெளியேயும் துணி. உள்ளேயும் துணி. நீர் மட்டும் புக முடியாது!

1823-ம் ஆண்டு ஜூன் மாதம் இதற்குக் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 56. அதே ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார்.

மான்செஸ்டரில் பருத்தி ஆலை நடத்திய பர்லி சகோதரர்கள் அவருடன் கூட்டுச் சேர்ந்தார்கள். சார்லஸ் மாக்கின்டாஷ் கம்பெனி உருவாயிற்று.

உயிர் காத்த ஓடம்

இந்தத் துணியின் பெருமையை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஜான் பிராங்க்ளின். வட துருவப் பகுதியை ஆராயப் போன கடற்படை அதிகாரி அவர்.

1819 முதல் 1822 வரை நடந்த அவருடைய முதல் தரைப் பயணம் பெரும் சோகத்தில் முடிந்தது. திரும்பி வரும் வழியில் காப்பர்மைன் ஆறு குறுக்கிட்டது. கடக்க ஓடம் இல்லை. உணவும் இல்லை. குளிரில் ஒரு வாரத்துக்கு மேல் அந்தக் கரையிலேயே கிடந்தார்கள். அந்தத் தாமதம் பலரின் உயிருக்கு உலை வைத்தது. உள் நாட்டுக்குள் சென்ற 20 பேரில் 11 பேர் மாண்டார்கள்.

1825-ல் இரண்டாம் முறை புறப்பட்டபோது பிராங்க்ளின் ஒரு சிறு ஓடத்தை உடன் கொண்டு போனார். மரச் சட்டத்தின் மேல் மாக்கின்டாஷின் துணியைப் போர்த்திச் செய்த ஓடம் அது. நீளம் 9 அடி. எடை 85 ராத்தல்தான். பிரித்துக் கட்டித் தூக்கிக் கொண்டு போகலாம். வேண்டும்போது கோத்து ஆற்றில் இறக்கலாம். உணவும் துணிமணியும் நனையாமல் இருக்க அதே துணியில் பைகளும் செய்தார்கள்.

குறைகள் கிளம்பின

புகழ் வந்தது. கூடவே புகார்களும் வந்தன.

முதல் குறை ஊசியால் வந்தது. துணியை வாங்கிய தையற்காரர்கள் வழக்கம் போல் நெருக்கமாகத் தைத்தார்கள். ஒவ்வொரு தையலும் ஒரு துளை. துணி நீரை விடவில்லை. தையல் விட்டது! தோளில் மழை இறங்கிற்று. பழி மாக்கின்டாஷ் மேல் விழுந்தது. முடிவில் கம்பெனியே கோட்டுகளைத் தைத்து, தையல் மேல் ரப்பர் பூசி அடைத்து விற்கத் தொடங்கியது.

இரண்டாவது குறை தட்ப வெப்பம். குளிர் காலத்தில் கோட்டு அட்டையைப் போல விறைத்தது. கோடையில் ரப்பர் இளகிப் பிசுபிசுத்தது. அதிலும் கம்பளித் துணியாக இருந்தால், கம்பளியில் உள்ள எண்ணெய் ரப்பரை அரித்து விட்டது.

மூன்றாவது குறை நாற்றம். நாப்தாவின் வாடை அறை முழுவதும் வீசும்.

நான்காவது குறை, வேர்வை. வெளியே இருந்து நீர் வராத துணி, உள்ளே இருந்தும் நீரை விடாது அல்லவா? மேலே மழை. உள்ளே வேர்வை. உடம்புக்கு ஆகாது என்று வைத்தியர்கள் சிலரும் எச்சரித்தார்கள்.

போதாக் குறைக்கு ரெயில் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு குதிரை வண்டியின் மேல் தட்டில் திறந்த வெளியில் உட்கார்ந்து போனவர்கள்தான் மழைக் கோட்டை அதிகமாக வாங்கினார்கள். கூரை போட்ட ரெயில் பெட்டிக்குள் போனவர்களுக்கு அது தேவைப்படவில்லை. விற்பனை சரிந்தது.

துணைவர் ஹான்காக்

இந்த நேரத்தில் கை கொடுத்தவர் தாமஸ் ஹான்காக். லண்டனில் ரப்பர்ப் பட்டறை வைத்திருந்தவர். ரப்பர்த் துண்டுகளைப் பற்களால் கிழித்துப் பிசைந்து ஒரே கட்டியாக்கும் இயந்திரத்தை 1820-ல் செய்தவர். அப்படிப் பிசைந்த ரப்பர், குறைந்த நாப்தாவில் கரைந்தது. ஆகவே நாற்றமும் குறைந்தது. அவர் மாக்கின்டாஷ் கம்பெனியில் பங்குதாரர் ஆனார்.

போட்டிக் கம்பெனிகளும் முளைத்தன. லண்டன் பட்டு வியாபாரிகள் சிலர் அதே முறையில் செய்த துணியை விற்றார்கள். மாக்கின்டாஷ் கோர்ட்டுக்குப் போனார். இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல என்று எதிர்த் தரப்பு வாதாடியது. 1836-ல் தீர்ப்பு மாக்கின்டாஷுக்குச் சாதகமாக அமைந்தது.

மழைத் துணியோடு அவர் நின்று விடவில்லை. ஜேம்ஸ் நீல்சன் என்பவர் இரும்பு உலைக்குள் சூடான காற்றை ஊதினால் கரிச் செலவு வெகுவாகக் குறையும் என்று கண்டு 1828-ல் காப்புரிமை பெற்றார். அதைத் தொழிலாக்குவதில் மாக்கின்டாஷும் பங்கு எடுத்துக் கொண்டார்.

நான்கு மாதங்கள்

வெயிலில் இளகாத, குளிரில் விறைக்காத ரப்பர் வேண்டும். அது மாக்கின்டாஷின் ஆசை மட்டும் அல்ல. அட்லான்டிக் கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் அதற்காகக் குடும்பத்தையே வறுமையில் வாட விட்டு ஆராய்ந்து கொண்டிருந்தார். 1839-ல் ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குணம் வருகிறது என்று கண்டார்.

அவருடைய மாதிரித் துண்டு ஒன்று இங்கிலாந்தில் ஹான்காக்கின் கைக்கு வந்தது. அதன் மேல் மஞ்சள் பொடி படிந்திருப்பதை அவர் கவனித்தார். கந்தகம்! அவரும் சோதனைகளில் மூழ்கினார். 1843-ம் ஆண்டு நவம்பர் மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். குட்இயருக்கு அமெரிக்கக் காப்புரிமை 1844-ல் கிடைத்தது. அவர் 1860-ல் கடனாளியாகவே இறந்தார்.

மாக்கின்டாஷின் கோட்டுக்கு இருந்த பெரிய குறை தீர்ந்து விட்டது. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை. 1843-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, கிளாஸ்கோவுக்கு அருகே உள்ள தம் இல்லத்தில் அவர் காலமானார். வயது 76. ஹான்காக்கின் விண்ணப்பத்துக்கு நான்கு மாதங்கள் முன்பு!

20 ஆண்டுகள் கேட்ட புகார்களுக்கு விடை வந்தபோது, கேட்டவர் மண்ணுக்குள் இருந்தார்.

சேதுக் கரையும் ரப்பரும்

மாக்கின்டாஷ் இறந்த அந்த 1840-களில்தான், ராமநாதபுரம் சீமை மக்களின் வாழ்விலும் ஒரு பெரிய மாறுதல் ஏற்பட்டது. இலங்கையில் வெள்ளையர்கள் காப்பித் தோட்டங்கள் போட்டார்கள். மழை பொய்த்த ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் இருந்து ஏழைகள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டார்கள். சேதுக் கரையில் படகு ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியாக மலை நாட்டுக்கு நடந்தார்கள். மழையிலும் குளிரிலும், காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம்.

காப்பிச் செடிகளை நோய் அழித்தது. தேயிலை வந்தது. பிறகு ரப்பரும் வந்தது. 1876-ல் பிரேசிலில் இருந்து ஹென்றி விக்காம் லண்டனுக்குக் கொண்டு வந்த ரப்பர் விதைகள் முளைத்து, அந்தக் கன்றுகளில் பெரும் பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து சேர்ந்தன.

மண்டபத்தில் தொழிலாளர்களைத் தங்க வைத்து, நோய் உண்டா என்று பார்த்து அனுப்பும் முகாம் ஏற்பட்டது. மண்டபம் கேம்ப் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1914-ல் பாம்பன் ரெயில் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை ரெயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று வழி சுலபம் ஆயிற்று.

அப்படிப் போனவர்கள் தோட்டங்களில் ரப்பர்ப் பால் வடித்தார்கள். தேயிலை பறித்தார்கள். ஆனால் அவர்கள் முதுகில் ரப்பர்க் கோட்டு இல்லை. கொட்டும் மலை மழையில் கம்பளியும் சாக்கும் படங்குமே அவர்களுக்குத் துணை. கம்பளி தோட்டத்தில் கொடுப்பார்கள். அதன் விலையும் கூலிக் கணக்கில் ஏறும். உலகம் நனையாமல் இருக்கப் பால் எடுத்தவர்கள், தாங்கள் நனைந்தார்கள்.

இன்று எதை வாங்குவது?

மாக்கின்டாஷுக்குப் பிறகும் ஆராய்ச்சி நிற்கவில்லை. 1879-ல் தாமஸ் பர்பெரி, நூலிலேயே நீர் ஒட்டாத பதம் ஏற்றி நெருக்கமாக நெய்த கபர்டின் துணியைச் செய்தார். 1969-ல் அமெரிக்காவில் ராபர்ட் கோர், டெப்லான் இனப் பொருளை வேகமாக இழுத்து, கண்ணுக்குத் தெரியாத நுண் துளைகள் கொண்ட மெல்லிய படலம் ஆக்கினார். கோர்-டெக்ஸ் என்று பெயர் பெற்றது அது. மழைத் துளி அந்தத் துளையில் நுழையாது. வேர்வையின் ஆவி வெளியே போய் விடும். வைத்தியர்கள் சொன்ன குறைக்கு அப்படி ஒரு பதில் வந்தது.

ஆயினும் ராமேசுவரம் கரைக்குக் கோட்டு வாங்குகிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஆவி வெளியேற வேண்டும் என்றால், வெளிக் காற்று உள்ளே இருப்பதை விடக் குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்க வேண்டும். பனி மலையில் அப்படி இருக்கும். ஐப்பசிக் கடற்கரையில் காற்றே ஈரத்தால் கனத்திருக்கிறது. ஆகவே விலை உயர்ந்த படலம் அங்கே தன் முழு வேலையைச் செய்யாது. அதைவிட, தளர்ந்த தையல், அக்குளில் திறக்கும் ஜிப், முதுகில் காற்று புகும் மடிப்பு ஆகியவை உள்ள கோட்டு அதிக சுகம் தரும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அடிக்கடி போகிறவர் படலக் கோட்டுக்குப் பணம் கொடுக்கலாம்.

சில கோட்டுகளின் சீட்டில் 5,000 மில்லிமீட்டர், 10,000 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும். துணியின் மேல் நீரை எவ்வளவு உயரம் நிறுத்தினால் அது கசியத் தொடங்குகிறது என்பதற்கான அளவு அது. 10,000 என்றால் 10 மீட்டர் உயர நீரின் அழுத்தம். அடை மழையில் நெடு நேரம் வண்டி ஓட்டுகிறவருக்கு அந்த அளவு வேண்டும். கோவிலுக்கு நடந்து போய் வருகிறவருக்குக் குறைந்த அளவே போதும்.

கோட்டின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். 1988-ல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில், மழையோடு பக்கவாட்டுக் காற்றும் சேர்ந்து அடிக்கும். அங்கே குடை நிற்காது. போர்வை போன்ற நீண்ட அங்கி பாய் போல விரிந்து வண்டியைத் தள்ளும். இடுப்புக்குக் கீழே சிறிது இறங்கும் கோட்டும், தனியாக ஒரு கால்சட்டையும் உள்ளதே மோட்டார் சைக்கிளுக்கு ஏற்றது. மணிக்கட்டும் கழுத்தும் இறுகப் பிடிக்க வேண்டும். தலை மூடி, பக்கம் திரும்பிப் பார்க்கும்போது கண்ணை மறைக்கக் கூடாது. நிறம் பளிச்சென்று இருந்தால், மழை மூட்டத்தில் எதிரே லாரி ஓட்டி வருபவருக்குத் தெரியும்.

படகில் ஏறுகிறவர் ரெயின் கோட்டை நம்பிப் போகக் கூடாது. நீரில் விழுந்தால் அது மிதக்க வைக்காது. நீண்ட கோட்டு காலைச் சுற்றிக் கொள்ளும். மிதவைச் சட்டைதான் உயிர் காக்கும். அதைக் கோட்டுக்கு மேலே அணிய வேண்டும்.

உப்புக் காற்று பட்ட கோட்டை அப்படியே மடித்து வைக்கக் கூடாது. நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். உப்பு ஜிப்பை அரிக்கும். வெயில் பூச்சை உரிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மழைக் கோட்டு மழைக்குத்தான். புயலுக்கு அல்ல. 1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. ஊரை நெருங்கி வந்த பயணி ரெயிலும் அலையில் சிக்கியது. அதில் இருந்த 100-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த இரவில் எந்தக் கோட்டும் யாரையும் காப்பாற்றியிருக்க முடியாது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், கோட்டை ஆணியில் மாட்டி விட்டு வீட்டில் இருப்பதே அறிவு.

மாக்கின்டாஷ் தம் பெயரைக் கே எழுத்து இல்லாமல் எழுதினார். ஆங்கிலத்தில் அவருடைய கோட்டுக்கு மட்டும் எப்படியோ ஒரு கே கூடி விட்டது. அகராதியில் அந்தப் பிழையோடுதான் அவர் வாழ்கிறார்.

கடையில் கோட்டைக் கையில் எடுத்ததும் அதைப் புரட்டி உட்புறத்தைப் பார்ப்பது நல்லது. தோளிலும் அக்குளிலும் தையல் மேல் பட்டை ஒட்டி அடைத்திருக்க வேண்டும். இல்லை என்றால் எவ்வளவு மினுக்கினாலும் அந்தக் கோட்டு வேண்டாம். 200 ஆண்டுகளுக்கு முன்பு மாக்கின்டாஷை முதலில் தலை குனிய வைத்தது அந்த ஊசித் துளைதான்.